வெறுங்கம்பியையும் ஒருக்கா வைத்துப் பாருங்கள்

போன கிழமை, என்னிடம் தொழில் பழகிய உங்களில் ஒருவர் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தீர்கள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் வெள்ளைப் பெட்டி. உள்ளே போகிற மின்சாரத்தைப்போல ஆறு மடங்கு சூடு வெளியே வருகிறதாம். நிக்கலும் ஐதரசனும் சேர்ந்து, பெரிய உலையும் இல்லாமல் ஆபத்தான கதிரும் இல்லாமல், அணுக்கரு வேலை நடக்கிறதாம். வடக்குக்கு முகவர் தேடுகிறார்களாம். "ஐயா, சோலர் பூட்டுகிற நாங்கள் இதையும் எடுத்து விற்கலாமோ?" என்று கேட்டிருந்தீர்கள்.

மூன்று தரம் பதில் எழுதி மூன்று தரம் அழித்தேன். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு வராது. அதோடு, இந்தப் பெட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒன்றை நானே கையால் செய்து பூட்டியிருக்கிறேன். அது வேலை செய்கிறது என்று கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் சொல்வது நியாயமில்லை.

கிளிநொச்சிச் சந்தையடியில் இருந்த என் ரேடியோ திருத்தும் கடை, தொண்ணூற்றாறில் போர் வந்து ஊரோடு சேர்ந்து ஸ்கந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்தது. கடை என்றால் மின்சாரம் அளக்கிற ஒரு முள்ளு மீற்றர், கரியில் காய்ச்சிப் பற்றாசு ஒட்டுகிற கோல், செத்த ரேடியோக்கள் ஒரு சாக்கு, நான். மின்சாரம் இல்லை. பற்றரி வரத் தடை. மண்ணெண்ணெய் பங்கீட்டில்தான். சைக்கிள் தைனமோவில் ஒரு டயோட்டைப் பூட்டி, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து செய்தி கேட்டோம். அந்த ஒற்றை டயோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பிழை செய்தது அதுவும் நானும்தான்.

அடுத்த தை மாதம் ரீச்சர் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்து, இடப்பெயர்வில் வந்து, ஸ்கந்தபுரத்தில் மரத்துக்குக் கீழே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது கூட. எந்த வெயிலிலும் குடையை விரிக்காமல் கையில் பிடித்தபடி நடப்பார். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. குடைக்குள் ஆய்வுகூட வெப்பமானி ஒன்று இருந்தது. கடலேரியைக் கடக்கக் கிளாலியில் வள்ளம் ஏறும்போது அதற்குள் சுற்றிக் கொண்டுவந்தது. வேறு பாதுகாப்பான இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

"தம்பி, பழைய வால்வு ரேடியோ கிடக்கோ?"

"பாட்டுக் கேக்கவோ ரீச்சர்?"

"இல்லை. உடைக்க."

வால்வுக்குள் இருக்கிற தகடு நிக்கல். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. கதிரையில் இருத்தி விசயத்தைக் கேட்டேன்.

"கொஞ்ச வருசத்துக்கு முன்னம் ரெண்டு விஞ்ஞானியள், ஒரு போத்தல் தண்ணிக்குள்ள கரண்ட் விட்டு, விட்டதை விடக் கூடச் சூடு வந்தது எண்டு சொன்னவை. சூரியனுக்குள்ள நடக்கிற அணுக்கரு இணைவு போத்தலுக்குள்ள நடக்குது எண்டு. உலகம் முழுக்கச் செய்து பாத்தினம். கனபேருக்கு வரேல்லை. சிலபேருக்கு ஒருநாள் வந்துது, மற்றநாள் வரேல்லை."

"அப்ப பொய்யோ?"

"பொய் எண்டுதான் கனபேர் சொல்லினம். விடாமச் செய்யிற ஆக்களும் இருக்கினம். சண்டை இன்னும் முடியேல்லை. அவை பாவிச்ச உலோகம் எங்களுக்குக் கனவிலயும் கிடையாது. ஆனா நிக்கலும் சாதாரணத் தண்ணியும் வைச்சும் சூடு வருது எண்டு வேறை ஆக்கள் சொல்லினம். தண்ணிக்குள்ள ஒரு உப்புப் போடவேணும். அதுக்கு வாழைத்தண்டை எரிச்ச சாம்பலே காணும்."

'அணு' என்ற சொல் கேட்டதுமே வாசலை ஒருக்கா எட்டிப் பார்த்துக்கொண்டேன். "ரீச்சர், உந்தச் சொல்லை வெளியில சொல்லாதேங்கோ. ஆரும் கேட்டா வேறை மாதிரி விளங்கும்."

"அப்ப என்னெண்டு சொல்ல?"

"சுடுதண்ணிப் போத்தல் எண்டு சொல்லுங்கோ."

அவர் சிரித்தார். ஸ்கந்தபுரத்தில் அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

சூடு எதற்கு என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆஸ்பத்திரியும் எங்களைப்போல இடம்பெயர்ந்து, கிடுகுக் கூரைக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது. நிறை குறைந்து பிறக்கிற பிள்ளைகளுக்கு ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். கீழறையில் அரிக்கன் லாம்பு, மேலறையில் பிள்ளை. பனிக்காலத்தில் இராமுழுக்க அந்த லாம்பு எரியவேண்டும். விறகு தாராளமாகக் கிடைத்தாலும் புகைக்குள் பிள்ளையை வைக்க முடியாது. லாம்புக்கோ பங்கீட்டு எண்ணெய் வேண்டும். சரிந்தால் கூரைக்கு நெருப்பு. பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பான தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், அந்த லாம்பைப் பார்த்தபடியே முக்கால்வாசி இரவும் விழித்திருப்பார்.

அப்போது அந்தப் பெட்டிக்குள் இருந்தது முருகையாவின் பிள்ளை. முருகையா என் பக்கத்துக் கொட்டில்காரர். மலையகத்திலிருந்து சின்ன வயதில் வன்னிக்கு வந்து, வயல் வேலையும் விறகு வெட்டுமாகச் சீவித்தவர். எட்டாம் மாதத்திலேயே பெண்பிள்ளை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு வந்து தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இம்புட்டுத்தான் அண்ணே." அதற்குப் பிறகு அந்தக் கையால் என்ன செய்வது என்று தெரியாதவர்போல நெடுநேரம் விரித்தபடியே வைத்திருந்தார்.

ஆகவே போத்தல் செய்வது என்று முடிவானதும், மிதிப்பதற்கு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை.

விபரங்களை விட்டுவிடுகிறேன். உடைந்த மோட்டார் சைக்கிளில் மின்சாரம் பிறப்பிக்கிற சக்கரத்தைக் கழற்றி, நிறுத்திவைத்த சைக்கிளின் பின்சில்லோடு பூட்டினேன். ஒரு டயோட். அங்கிருந்து போத்தல். நான் மீற்றர் பிடிக்க, ரீச்சர் வெப்பமானி பிடித்தார். முருகையா ஒரு மணித்தியாலம் மிதித்தார்.

"சைக்கிளு எங்கயும் போகல அண்ணே. காலு மட்டும் வவுனியாவுக்குப் போயிட்டு வந்துருச்சு."

"பாஸ் இல்லாமலோ?" என்று ரீச்சர் கேட்டார். வன்னியை விட்டு வெளியே போக அப்போது பாஸ் எடுக்கவேண்டும்.

"காலுக்கு யாரு டீச்சரம்மா பாஸ் கேக்குறது?"

ரீச்சர் கணக்குப் போட்டார். திரும்பவும் போட்டார். போன மின்சாரத்தைவிட வந்த சூடு இரண்டு மடங்குக்கும் கூட. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வெளிநாட்டில் ஒருநாள் வந்து மறுநாள் வராமல் போன சூடு, ஸ்கந்தபுரத்தில் தினமும் தவறாமல் வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். சந்தேகமே தொழிலாக இருக்கிற எனக்கு, அந்த ஒரு கிழமை மட்டும் வரவில்லை. ஏன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ரீச்சர் கொப்பியில் எழுதிவிட்டு, "மீற்றர் வாசித்தவர்" என்று போட்டு என் பெயரையும் எழுதினார். படித்த ஒருவர் தன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை.

செய்தி பங்கீட்டு அலுவலகத்துக்குப் போனது. அங்கே இருந்த கிளாக்கர் கெட்ட மனுசன் இல்லை. குளத்தில் தண்ணீர் இறங்கி, கதிர் வந்த வயல்கள் காய்ந்துகொண்டிருந்தன. இறைக்கிற மெசினுக்கு எண்ணெய் கேட்டு வயல்காரர் தினமும் அவர் வாசலில் நின்றார்கள். "போத்தல் வேலை செய்யுது எண்டு எழுதித் தாங்கோ. விடுதிப் பங்கில பாதியை வயலுக்கு விடலாம்" என்றார். திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தோம். ரீச்சர் கையெழுத்து, கீழே என்னுடையது. வெள்ளிக்கிழமை எண்ணெய் பிரிக்கிற நாள்.

புதன்கிழமை மத்தியானம், விடுதிக்குக் கொண்டுபோக முன் கடைசித் தடவையாகப் போத்தலை ஓட்டினோம். என் கொட்டில் நாலு பக்கமும் தறப்பாள் அடைத்தது, பகலிலும் இருட்டு. மிதித்துக்கொண்டிருந்த முருகையா சொன்னார்: "அண்ணே, இம்புட்டு மிதிக்கிறேன். ஒரு பல்பாச்சும் மாட்டுங்க. காலு எங்க இருக்குன்னு பாத்துக்கிறேன்."

நியாயமான கேள்விதான். போத்தல் வயரைக் கழற்றி மோட்டார் சைக்கிள் முன்விளக்கு ஒன்றைக் கொழுவினேன். நன்றாக எரிந்தது. பழக்க தோசத்தில் மீற்றரையும் பிடித்தேன்.

விளக்கில் முப்பத்தைந்து வாற்ஸ் என்று அடித்திருந்தது. நான் ஆயிரம் தரம் பார்த்த வெளிச்சம் அது, முப்பத்தைந்துக்குக் குறையாது. மீற்றரில் வோல்ற்றையும் கரண்டையும் வாசித்துப் பெருக்கினால் பதினான்கு வந்தது.

விளக்கை மாற்றினேன். பதினான்கு. மீற்றரின் கம்பிகளைத் துடைத்தேன். பதினான்கு. தண்ணீரும் இல்லை, நிக்கலும் இல்லை, வாழைச் சாம்பலும் இல்லை. வெறும் விளக்கு. அதுவும் போனதைவிட இரண்டு மடங்குக்குக் கூடக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே எரியுது?" என்றார் முருகையா.

"ஓம் முருகையா. நல்லா எரியுது."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் நீங்கள் செய்யக்கூடாது. உடனே ரீச்சரின் கொட்டிலுக்குப் போனேன். அதுவரை சரி. அவர் வெப்பமானியைத் துடைத்துக் குடைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பால் விடாத பிளேன்ரீயும் கடிக்கப் பனங்கட்டித் துண்டும் தந்தார். "என்ன தம்பி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை ரீச்சர். சும்மா வந்தனான்."

அவர் தானாகவே சொன்னார். இடம்பெயர்ந்து வந்த மழையில் தங்கச்சிக்கு வழியிலேயே பிள்ளை பிறந்ததாம். நனைந்த சீலைகளால் சுற்றி, மாறிமாறி நெஞ்சோடு அணைத்து வந்தார்களாம். "வேறை வருத்தம் ஒண்டுமில்லைத் தம்பி. சூடு காணாமப் பிள்ளை போட்டுது." அவ்வளவுதான் சொன்னார். பிறகு கொப்பியைத் தூக்கி, தபால் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் இதை வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

நான் பிளேன்ரீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

வழியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொன்னேன். அவர் படித்தவர், நான் திருத்துகிறவன். விளக்கில்தான் பிழை அடித்திருக்கும். இன்னொரு நாள் பார்க்கலாம். இதெல்லாம் பயம் பேசுகிற பேச்சு. உண்மையான காரணம், அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பிள்ளையின் சூட்டை, பெரியவர் ஒருவரின் மனம் நோகாமல் இருப்பதற்காக நான் ஒருநாள் தள்ளிவைத்தேன்.

வியாழன் காலை மிஸ்ஸியே கடைக்கு வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"நாளையிலயிருந்து எண்ணெய் பாதி எண்டு கிளாக்கர் சொல்லுறார். எனக்கு விஞ்ஞானம் வேண்டாம். பெட்டிச் சூடு விடியுமட்டும் நிக்குமோ, நிக்காதோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"மிஸ்ஸி, லாம்பை எடுத்துப்போடாதேங்கோ" என்றேன். "பின்னேரம் வந்து சொல்லுறன்."

அவர் ஊன்றிய காலை எடுத்துப் பெடலில் வைத்தார். "நான் எடுக்க நினைக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரத்தடியில் வகுப்பு முடியும்வரை காத்திருந்து ரீச்சரிடம் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று வழிநெடுகப் பாடமாக்கியது எதுவும் வரவில்லை. "ரீச்சர், பல்பும் வெல்லுது" என்றுதான் வந்தது.

அவருக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. முகம் வாடியதா என்று கேட்டால், வாடியது. ஆனால் அவர் கேட்டது இது: "எப்ப கண்டனீங்கள்?"

"நேற்று."

"பிளேன்ரீ குடிக்க வரேக்கையோ?"

"ஓம்."

ஏசுவார் என்று நின்றேன். "பல்பில வெளிச்சமும் போகும், கணக்குப் பிடிபடாது" என்றார். "வெறுங்கம்பியைப் போட்டுப் பாப்பம். அதே சில்லு, அதே டயோட், அதே மீற்றர், அதே அளவு தண்ணி."

பழைய ஸ்திரிக்கைப் பெட்டிக் கம்பியில் ஒரு துண்டை வெட்டிச் சுருட்டி, அதே போத்தலில் கிணற்றுத் தண்ணீருக்குள் விட்டேன். முருகையா மிதித்தார். அன்று பகிடி இல்லை. என்னவோ என்று அவருக்கும் விளங்கியிருந்தது. ரீச்சர் வெப்பமானியை என்னிடம் தரவில்லை. தானே பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா இலக்கத்தைச் சொன்னார். நான் எழுதினேன். முடிவில் அவர் கொப்பியை வாங்கிப் பெருக்கிப் பார்த்தார்.

கம்பியும் இரண்டு மடங்குக்குக் கூட.

நிலத்தில் குந்தியிருந்து, தடியால் மண்ணில் எழுதி எனக்குக் காரணம் சொன்னார். "உங்கடை டயோட் கரண்டை அடிச்சடிச்சு விடுது தம்பி. பாதி நேரம் வருது, பாதி நேரம் இல்லை. முள்ளுக்கு அந்தத் துள்ளலுக்குப் பின்னால ஓடேலாது. நடுவில நிண்டு சராசரியைச் சொல்லுது. முதல்நாள் பத்துப்பேர் தோட்டத்துக்கு வந்து, ஆளுக்குப் பத்துப் பாத்தி கொத்தினம் எண்டு வையுங்கோ. நூறு பாத்தி. மற்றநாள் ஆருமே வரேல்லை. அப்ப சராசரி நாளுக்கு எத்தனை பாத்தி?"

"ஐம்பது."

"சராசரி எத்தனை ஆள்?"

"அஞ்சு."

"ஆளுக்கு ஒருநாள் பத்து, மற்றநாள் ஒண்டுமில்லை, சராசரி அஞ்சு பாத்தி எண்டு வைச்சுப் பெருக்குங்கோ, நாங்கள் வோல்ற்றையும் கரண்டையும் பெருக்கின மாதிரி."

"இருபத்தைஞ்சு."

"மிச்ச இருபத்தைஞ்சும் எங்கை?"

ஒருவரும் எங்கிருந்தும் கொண்டுவராத இருபத்தைந்து பாத்தி. அதைத்தான் நாங்கள் அணுக்கரு என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தோம்.

"குமிழியாப் போற வாயுவுக்கும் நான் ஒரு பங்கு கூட்டினனான்" என்றார் ரீச்சர். "அது வெளியில போச்சுதோ, உள்ளுக்கையே திரும்பச் சேந்து சூடாச்சுதோ எண்டு பாக்கேல்லை. அது என்ரை பிழை. டயோட் உங்கடை பிழை. ஆளுக்கொண்டு."

சைக்கிளில் இருந்தபடி முருகையா கேட்டார்: "அப்ப டீச்சரம்மா, நம்ம பாப்பாவுக்கு?"

ரீச்சர் எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "லாம்புதான் முருகையா. லாம்பு நிக்கும். அதைப் பாக்கிறது என்ரை வேலை."

வெள்ளி காலை, அலுவலகம் திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். வயல்காரரும் நின்றார்கள். போத்தல் வேலை செய்யவில்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கிளாக்கர் வாசித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "திங்கட்கிழமை ரெண்டு மடங்கு. வெள்ளிக்கிழமை ஒண்டுமில்லை. அதுக்குள்ள அணுவும் இடம்பெயர்ந்திட்டுதோ?"

சிரிப்பு எழுந்தது. எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்று இருந்தது. தண்ணீர் சரியில்லை, சாம்பல் சரியில்லை என்று ஏதாவது காரணம் சொல்லி ரீச்சர் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"இல்லைத் தம்பி. நாங்கள் பிழையா அளந்தனாங்கள்" என்றார். "ரெண்டுபேரும்."

அவ்வளவுதான். குரலும் உயரவில்லை, தலையும் குனியவில்லை. அதற்கு மேல் சிரிக்க ஒருவருக்கும் இடம் இருக்கவில்லை. கிளாக்கர் திங்கட்கிழமைக் கடிதத்தை எடுத்து இதோடு சேர்த்துக் குத்தினார். விடுதிப் பங்கு பழையபடி முழுதாக எழுதப்பட்டது. வரிசையில் நின்ற வயல்காரர் ஒருவர், அவருடைய பங்குதான் குறைந்தது, எண்ணெய்க் கானை ரீச்சரின் சைக்கிள் கரியரில் தானே தூக்கி வைத்துக் கட்டிவிட்டார். ரீச்சர் ஆஸ்பத்திரிவரை உருட்டிக்கொண்டு போனார். கரியரில் கான், கையில் விரிக்காத குடை. பின்னால் நான், எண்ணெய் ஒழுகுகிறதா என்று மூடியைப் பார்த்துப் பார்த்து நடந்தேன்.

மிஸ்ஸி கானை வாங்கினார். பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்து ரீச்சருக்குக் காட்டினார். ரீச்சர் குடையைத் திறந்து வெப்பமானியை எடுத்து, துடைத்து, மிஸ்ஸியிடம் கொடுத்தார். "பெட்டிக்குள்ள வையுங்கோ. கையால தொட்டுப் பாக்கிறதிலும் நல்லம்."

அந்த மாதம் முழுக்க அது பெட்டிக்குள்தான் இருந்தது. மிஸ்ஸி அதைப் பார்த்து லாம்பின் திரியைக் கூட்டிக் குறைத்தார். பங்குனியில் முருகையா பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது, உள்ளங்கை போதவில்லை. இரண்டு கையும் தேவைப்பட்டது. ரீச்சர் அன்றைக்குத்தான் வெயிலுக்குக் குடை விரித்துக்கொண்டு வந்து பார்த்தார்.

சரி, உங்கள் கேள்வி. குளிர்ந்த தண்ணீருக்குள் அணுக்கரு இணைவு நடக்குமா, நடக்காதா? எனக்குத் தெரியாது. பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. கவனமாகச் செய்கிற சிலர் இன்னும் விடவில்லை. அவர்களை நான் பகிடி பண்ணமாட்டேன். ஆனால் இடைக்கிடை ஒரு கம்பனி பெட்டியோடு வரும், அடுத்த வருடம் சந்தைக்கு என்று சொல்லும், பிறகு சத்தமில்லாமல் போய்விடும். பொய்க்காரர் எல்லோரும் என்று சொல்லவில்லை. நாங்கள் இருவரும் பொய் சொல்லவில்லையே. ஆசை இருந்தது, பெயர் எழுதப்பட்டது, முள் அசைந்தது. அவ்வளவும் போதும்.

ஆகவே அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். அதே வயர், அதே மீற்றர், அதே தண்ணீர். பெட்டிக்குள் இருப்பதை எடுத்துவிட்டு ஒரு வெறுங்கம்பியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டோம் என்றால் மரியாதையாகத் திரும்பி வாருங்கள். கம்பியும் வென்றால், அவர்களுக்கு அந்தப் பாத்திக் கணக்கைச் சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் வேலையிலும் அப்படித்தான். அதிசயத்தை அளக்க முன், தெரிந்த ஒன்றை அளந்து பாருங்கள். பிழை தெரிந்தால் பிளேன்ரீ குடிக்க முன் சொல்லிவிடுங்கள்.

நேற்று ரீச்சருக்குத் தொலைபேசியில் உங்கள் படத்தைப் பற்றிச் சொன்னேன். இப்போது வட்டக்கச்சியில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம்.

"எத்தனை மடங்காம்?"

"ஆறு எண்டு போட்டிருக்கிறாங்கள் ரீச்சர்."

கேட்டிராதோ என்று இன்னொருக்காச் சத்தமாகச் சொன்னேன்.

"கம்பிக்கும் வைச்சுக் காட்டினவையோ?"

"இல்லை ரீச்சர். பொடியளைக் கேக்கச் சொல்லப்போறன்."

"கேக்கட்டும்" என்றார். பிறகு, வைக்கப்போகிறார் என்று நான் நினைத்த நேரத்தில், "தம்பி, கம்பி தோத்து அவையின்ரை பெட்டி வெண்டா, எந்த நேரமெண்டாலும் பரவாயில்லை, எனக்கு ஒருக்கா அடிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.